செத்தும் வாங்கும் சீதக்காதிகள்

மனிதன் முன்பைவிட நீண்ட காலம் உயிரோடு இருக்கிறான். ஆகவே, அவன் செத்த பிறகும் முன்பைவிட நீண்ட காலம் அவன் பெயரில் காசு வர வேண்டும்.

எங்கோ இடிக்கிறதே என்று தோன்றினால், பிரஸ்ஸல்ஸில் அதிகாரியாகும் தகுதி உங்களுக்கு இல்லை. 1993 அக்டோபரில், ஐரோப்பியச் சமூகத்தில் அன்றிருந்த பன்னிரண்டு நாடுகளுக்கும் பதிப்புரிமைக் காலத்தை ஒரே அளவாக்கி ஓர் ஆணை பிறந்தது. அதன் முகவுரையில் எழுதிவைத்திருக்கும் நியாயம் கிட்டத்தட்ட இதுதான். ஆசிரியரின் ஆயுளும் அதற்குமேல் 50 ஆண்டும் என்று பெர்ன் சர்வதேச ஒப்பந்தம் வைத்தது, அவருக்கும் அவருக்குப் பின் இரண்டு தலைமுறைக்கும் போதும் என்ற கணக்கில்தானாம். இப்போது சராசரி ஆயுள் கூடிவிட்டதாம். அதனால் 50 பற்றாது, 70 வேண்டுமாம்.

ஆயுள் கூடினால் ஆசிரியர் உயிரோடிருக்கும்போதே கூடுதலாகப் பத்திருபது வருஷம் ராயல்டி வாங்குகிறார். பேரப்பிள்ளைகள் தாத்தாவின் கண்ணெதிரிலேயே வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, முன்மண்டை வழுக்கையாகி நிற்கிறார்கள். இரண்டு தலைமுறையைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால், சாவுக்குப் பிந்தைய கணக்கு குறைய அல்லவா வேண்டும்? கூட்டல் தெரிந்த குழந்தைக்கும் விளங்கும். ஆனால் அந்தக் குழந்தையை யாரும் ஆலோசனைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டது பதிப்பாளர்களை, இசைத்தட்டு நிறுவனங்களை, உரிமை வசூல் சங்கங்களை. செத்தும் கொடுத்த சீதக்காதி கீழக்கரைக்காரர். செத்தும் வாங்குகிற சீதக்காதியைக் கண்டுபிடித்த பெருமை ஐரோப்பாவுக்கு.

கதை ஒரு பாட்டுக்காரரிடமிருந்து தொடங்குகிறது. கிளிஃப் ரிச்சர்ட், பிரிட்டனின் பாப் நட்சத்திரம், பிறந்தது நம் லக்னோவில். அவருடைய பழைய ஒலிப்பதிவுகளுக்கு டென்மார்க்கில் பாதுகாப்புக் காலம் முடிந்துபோயிற்று. பக்கத்து நாடான ஜெர்மனியில் முடியவில்லை. டென்மார்க்கில் சட்டப்படி விற்பனையான இசைத்தட்டுகளை ஒரு ஜெர்மன் வியாபாரி இறக்குமதி செய்தார். இஎம்ஐ நிறுவனத்தின் ஜெர்மன் கிளை வழக்குப் போட்டது. பொதுச்சந்தை, எல்லையில்லா வாணிபம் என்று பேசிக்கொண்டிருந்த, லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம், 1989 ஜனவரியில், நிறுவனத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது: ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வேறு வேறாக இருக்கும்வரை இப்படித்தான்.

அது நியாயமான பேச்சுதான். எல்லை தாண்டியதும் பாட்டு குற்றமாகிவிடுவது கோமாளித்தனம். ஒரே அளவாக்க வேண்டியதுதான். எந்த அளவு என்பதில்தான் சூது.

ஒரு தெருவில் பத்து வீடு. ஒன்பது வீட்டு மதில் ஐந்தடி. ஒரு வீட்டுக்காரர் மட்டும் ஏழடிக்கு எழுப்பியிருக்கிறார். தெரு லட்சணமாக இல்லை, எல்லாம் ஒரே உயரமாகட்டும் என்று குடியிருப்போர் சங்கம் கூடுகிறது. ஏழடிக்காரரிடம் “இரண்டடி இடியுங்கள்” என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. பெற்ற உரிமையைப் பறிப்பது பாவமாம். ஆகவே ஒன்பது பேரும் இரண்டடி ஏற்றிக் கட்டுகிறார்கள். தெருவில் நடந்துபோகிறவனுக்கு வெயில் போயிற்று, காற்றுப் போயிற்று. அவன்தான் சங்கத்தில் உறுப்பினர் இல்லையே.

ஜெர்மனி 1965இல் 70 ஆண்டு என்று வைத்திருந்தது. மற்ற நாடுகளில் பெரும்பாலும் 50, ஸ்பெயினில் 60. கூட்டிக் கழித்துப் பார்த்து 70 என்று முடித்தார்கள். பெற்ற உரிமைகளுக்கு மதிப்பளிப்பது சமூகத்தின் சட்ட மரபு என்று அந்த ஆணையே மார்தட்டிக்கொள்கிறது. நல்ல மரபு. அப்படியானால் வாசகன் பெற்ற உரிமை?

ஜேம்ஸ் ஜாய்ஸ் 1941 ஜனவரியில் ஸூரிக்கில் காலமானார். 50 ஆண்டுக் கணக்கில், 1992 தொடங்கியதும் அவர் புத்தகங்கள் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பொதுச்சொத்தாயின. பதிப்பாளர்கள் மலிவு விலைப் பதிப்புகள் போட்டார்கள். ஆய்வாளர்கள் யாருக்கும் விண்ணப்பம் எழுதாமல் மேற்கோள் காட்டினார்கள். 1995 ஜூலை முதல் தேதி ஆணை நடைமுறைக்கு வந்தது. மூன்றரை வருஷம் ஊருக்குச் சொந்தமாக இருந்த ஜாய்ஸை மறுபடி குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள், 2011 கடைசிவரை. வர்ஜீனியா வுல்ஃபுக்கும் அதே கதி. உரிமை திரும்பக் கிடைத்த உற்சாகத்தில் இருவரும் எழுந்து உட்கார்ந்து அடுத்த நாவலைத் தொடங்கியதாகத் தகவல் இல்லை.

ஜாய்ஸ் உயிரோடிருந்த நாளில் அவர் குடும்பம் பிழைத்தது ஹாரியட் வீவர் என்ற புரவலரின் கொடையால். அன்று அவர் புத்தகத்தை அச்சுக் கோக்கவே பயந்த உலகம் இது. செத்து அரை நூற்றாண்டு கழித்து அவருடைய உரிமைமீது இத்தனை பரிவு பொத்துக்கொண்டு வந்தது. பரிவின் பலன் 2004இல் தெரிந்தது. ‘யுலிஸஸ்’ நாவலின் கதை நடக்கும் 1904 ஜூன் 16க்கு நூற்றாண்டு. டப்ளின் ஊர்த் திருவிழாவுக்குத் தயாரானது. நாவலைப் பொதுவிடத்தில் வாய்விட்டுப் படித்தால் வழக்கு வரும் என்று பேரன் ஸ்டீபன் ஜாய்ஸ் எச்சரித்தார். அயர்லாந்து அரசு 2002இல் 1.26 கோடி யூரோ கொடுத்து வாங்கிய ஜாய்ஸின் கையெழுத்துப் படிகள் தேசிய நூலகத்தில் இருந்தன. அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டினாலே உரிமை மீறல் ஆகிவிடுமோ என்று வழக்கறிஞர்களுக்குச் சந்தேகம். அவசர அவசரமாகச் சட்டத் திருத்தம் நிறைவேற்றினார்கள். ஒரு நாடு, தன் எழுத்தாளனின் தாளைத் தன் காசில் வாங்கி, தன் நூலகத்தில், தன் மக்களுக்குக் காட்டுவதற்குத் தன் நாடாளுமன்றத்தைக் கூட்டியது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் ஊருடையது, கையும் ஊருடையது. பரிமாற மட்டும் பேரனிடம் கேட்க வேண்டும்.

எழுத்தாளர்களுக்கு நடந்ததைப் பார்த்து இசைத்தட்டு நிறுவனங்களுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டுதான். 1950களின் ராக் அண்ட் ரோல் ஒவ்வொன்றாகக் கைநழுவத் தொடங்கிய நேரம். பிரிட்டன் அரசு ஆண்ட்ரூ கவர்ஸ் என்பவரை வைத்து ஆராயச் சொன்னது. 2006 டிசம்பரில் அவர், காலத்தை நீட்டுவதால் பொதுமக்களுக்கு ஒரு நன்மையும் இல்லை, நீட்டாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தார். உடனே ‘ஃபைனான்ஷியல் டைம்ஸ்’ இதழில் பெரிய விளம்பரம். நீட்டச் சொல்லி ஆயிரக்கணக்கான இசைக்கலைஞர்களின் பெயர்கள். பட்டியலைப் பொறுமையாகப் படித்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள்: லோனி டோனெகன் பெயர் இருந்தது, அவர் 2002இலேயே காலமானவர். ஃபிரெடி காரிட்டியும் இருந்தார், அவர் 2006 மே மாதம் போய்ச் சேர்ந்தவர். நம்மூரில் தேர்தல் அன்று மாலை நாலு மணிக்குமேல் செத்தவர்கள் வரிசையில் வந்து நின்றால் கள்ள ஓட்டு என்று பிடித்துக் கொடுக்கிறோம். லண்டனில் அதற்குப் பெயர் கலைஞர்களின் கோரிக்கை.

கோரிக்கை வென்றது. 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒலிப்பதிவுக்கும் 70 ஆண்டு கொடுத்தது. ஏழை வாத்தியக் கலைஞர்கள் வயோதிகத்தில் வறுமைப்படக் கூடாதாம். அவர்களுக்கென ஒரு நிதியும் அதில் ஒட்டிவைக்கப்பட்டது. பத்திரிகைகள் அந்த ஆணைக்குச் சூட்டிய செல்லப்பெயர் ‘கிளிஃப் சட்டம்’. ஆம், அதே கிளிஃப் ரிச்சர்ட்தான். நீட்டச் சொல்லி முன்னால் நின்றவர். ஏழை வாத்தியக் கலைஞரின் கண்ணீரைத் துடைக்க அவர் பெயரைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

ஆணையில் வாசகனுக்கு, கேட்பவனுக்கு, ஒரு சின்ன இரக்கம் காட்டியிருந்தார்கள்: 50 ஆண்டுக்குள் வெளியிடாமல் பெட்டிக்குள் பூட்டிவைத்த பதிவுகளுக்கு நீட்டிப்பு இல்லை. நிறுவனங்கள் அதற்கும் வழி கண்டன. 2012 முடியும் தறுவாயில், பாப் டிலன் 1962இல் பாடி வெளிவராமல் கிடந்த பாட்டுகளை நான்கு குறுந்தகட்டில் போட்டு, சுமார் 100 பிரதி மட்டும் ஐரோப்பியக் கடைகளில் வைத்தார்கள். வெளியிட்டாயிற்று, இனி 70 ஆண்டு. அட்டையில் அவர்களே அச்சிட்டிருந்த துணைத்தலைப்பு ‘பதிப்புரிமை நீட்டிப்புத் தொகுப்பு’. வெட்கம் என்பதற்கும் ஒரு காலவரையறை உண்டு போலும். அது மட்டும் நீட்டிக்கப்படவில்லை.

இதெல்லாம் காசு சம்பந்தப்பட்ட காமெடி, சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்தது சிரிக்க முடியாதது.

2001இல் வந்த இன்னொரு ஆணை, உரிமையாளருக்கு என்னென்ன அதிகாரம் என்பதை எல்லா நாடுகளுக்கும் கட்டாயமாக்கியது. மக்களுக்கு என்னென்ன விலக்கு என்ற பகுதி வந்ததும் குரல் தேய்ந்தது. மேற்கோள் காட்டுவது, கேலி செய்வது, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பது, மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்துவது, தெருவில் நிற்கும் சிலையைப் படம் எடுப்பது என்று இருபது விலக்குகளைப் பட்டியலிட்டு, இஷ்டமிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். கட்டாயம் என்று சொன்னது ஒன்றே ஒன்றை: இணையத்தில் தரவு ஓடும்போது கணினிக்குள் தானாக உண்டாகி மறையும் தற்காலிகப் படி. அந்த ஆணையில் ஐரோப்பா முழுமைக்கும் ஒரே சீராக விலக்குப் பெற்ற ஒரே பிறவி, இயந்திரம். மனிதனுக்கு ஊருக்கு ஊர் வேறு சட்டம். ஈஃபிள் கோபுரத்தைப் பகலில் படமெடுத்து விற்கலாம், எழுப்பியவர் செத்து நூறாண்டு ஆயிற்று. ராத்திரி எடுத்து விற்க அனுமதி கேட்க வேண்டும். விளக்கு அலங்காரம் 1985இல் போட்டது, அதற்கு உரிமையாளர் வேறு.

2013இல் மராக்கேஷ் நகரில் ஓர் உலக ஒப்பந்தம் கையெழுத்தானது. பார்வையற்றோர் படிக்க ஒரு புத்தகத்தைப் பிரெய்லாகவோ ஒலிநூலாகவோ மாற்றவும், மாற்றியதை நாடு விட்டு நாடு அனுப்பவும் உரிமையாளரிடம் கெஞ்ச வேண்டியதில்லை என்பதே அதன் சாரம். 2014 ஜூனில் அதை உறுதி செய்த முதல் நாடு இந்தியா. (நம் அரசுகளைப் பாராட்ட எனக்குக் கை வராது. இந்த ஒன்றுக்கு வருகிறது.) 2016இல் ஒப்பந்தம் அமலுக்கே வந்துவிட்டது. ஐரோப்பா? கையெழுத்துப் போடும் அதிகாரம் ஒன்றியத்துக்கா, உறுப்பு நாடுகளுக்கா என்று சண்டை. நீதிமன்றம் போனார்கள். 2017இல் ஒன்றியத்துக்குத்தான் என்று பதில் வந்தது. உறுதி செய்தது 2018 அக்டோபரில். பாட்டுக் கம்பெனிக்கு 20 ஆண்டு கூட்டிக் கொடுக்கும்போது, அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி எந்த மூலையில் ஒளிந்திருந்தது? சட்டங்களை ஒன்றாக்கும் இந்த ஒத்திசைவின் சங்கீதமெல்லாம் வசூலுக்கு வாசிப்பார்கள். கண் தெரியாதவன் ஒரு புத்தகம் கேட்டால் தந்தி அறுந்துபோகும். அதற்குப் பிறகும் ஆசை அடங்கவில்லை: அப்படிப் படியெடுக்கும் நிறுவனங்களிடமிருந்து பதிப்பாளர்களுக்கு ஈட்டுத்தொகை வாங்கித்தர விரும்பும் நாடுகள் வாங்கித்தரலாம் என்று ஒரு சந்து திறந்துவைத்தார்கள். பிரெய்ல் புள்ளிக்கும் வரி கேட்கிற நாகரிகம்.

சரி, இத்தனை பாடுபட்டு எல்லாம் ஒன்றாகவாவது ஆயிற்றா? ஃபிராங்கோவின் ஆட்கள் 1936இல் சுட்டுக்கொன்ற கவிஞர் லோர்கா, ஜெர்மனியில் 2007இலேயே பொதுச்சொத்து. சொந்த ஸ்பெயினில் 2017வரை காத்திருந்தார், அங்கே பழைய சட்டத்தின் 80 ஆண்டை யாரும் தொடவில்லை. செந்த்-எக்சுபெரியின் ‘குட்டி இளவரசன்’ பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளில் 2015இலிருந்து சுதந்திரன். பிரான்சில் மட்டும் ஆசிரியர் நாட்டுக்காக உயிர்விட்டவர் என்பதால் கூடுதலாக 30 ஆண்டு, 2030கள்வரை பூட்டு. நாட்டுக்காகச் செத்தவனுக்கு நாடு செய்யும் மரியாதை, அவன் புத்தகத்தை நாட்டு மக்களிடமிருந்து தள்ளிவைப்பது.

ஆன் ஃபிராங்க் கதை எல்லாவற்றுக்கும் மேல். ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதியவள் 1945இல் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்தாள். ஆயுளோடு 70 சேர்த்தால் 2015 முடிவில் கணக்கு முடிய வேண்டும். பெல்ஜியத்தில் முடிந்தது. நெதர்லாந்தில், அவள் கையெழுத்துப் படிகளின் சில பகுதிகள் முதலில் அச்சானது 1986இல் என்பதால் பழைய சட்டப்படி 2037வரை உரிமை நீடிக்கிறது. வைத்திருப்பது ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரில் உள்ள ஓர் அறக்கட்டளை. ஆய்வாளர்கள் பல ஆண்டு உழைத்த இணையப் பதிப்பு 2021இல் பெல்ஜியம் வழியாக வெளியானது, நெதர்லாந்திலிருந்து திறக்க முடியாதபடி தடுப்புப் போட்டு. அதுவும் போதாது, தடுப்பைத் தாண்டி யாராவது படித்துவிடுவார்கள் என்று அறக்கட்டளை வழக்காடியது. 2024இல் வழக்கு லக்சம்பர்க்குக்கு ஏறியது. பதினைந்து வயதில் கொல்லப்பட்ட பெண் எழுதியது, எழுதிய ஊரில் பூட்டியிருக்கிறது. இதற்குப் பெயர் பாதுகாப்பு. யாரிடமிருந்து யாருக்கு?

தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டும். ஐரோப்பா 70 வைத்ததும், “உன் நாட்டில் எத்தனை ஆண்டோ அத்தனைதான் இங்கே உனக்கும்” என்று வெளியாருக்கு ஒரு நிபந்தனையும் வைத்தது. அதைக் காட்டி அமெரிக்கா 1998இல் 20 ஆண்டு ஏற்றியது. அமெரிக்கா தன் வர்த்தக ஒப்பந்தங்களில் அதைச் செருகவே, ஆஸ்திரேலியா ஏற்றியது, சிங்கப்பூர் ஏற்றியது. மெக்சிகோ எதற்கும் இருக்கட்டும் என்று 100க்கே போய்விட்டது. பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா வெளியேறியதும் மீதி 11 நாடுகள் அதிலிருந்த 70 ஆண்டுப் பிரிவை நிறுத்திவைத்தன. ஐரோப்பாவுடன் வேறு ஒப்பந்தம் செய்துகொண்டிருந்த ஜப்பான், 2018 டிசம்பர் 30ஆம் தேதி ஏற்றியது. கனடா 2022 டிசம்பர் 30. இரண்டு பேரும் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்னதாக முந்திக்கொண்டார்கள். புத்தாண்டு விடிந்தால் சில எழுத்தாளர்கள் மக்களிடம் போய்விடுவார்களே. நியூசிலாந்தின் கதை தனி ரகம். 20 ஆண்டு நீட்டினால் நீண்ட காலப்போக்கில் ஆண்டுக்குச் சராசரி 5.5 கோடி நியூசிலாந்து டாலர் செலவு என்று அந்நாட்டு அரசே கணக்குப் போட்டு வெளியிட்டது. பிறகு ஐரோப்பிய ஒன்றியத்துடன் ஒப்பந்தம் போட்டு, நீட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டது.

இந்த ஊர்வலத்தில் எங்காவது ஒரு நாடு, பக்கத்து வீட்டைப் பார்த்து 70லிருந்து 50க்கு இறங்கியிருக்கிறதா என்று தேடினேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நாம் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. நம் சட்டத்திலும் 50 ஆண்டுதான் இருந்தது. 1941இல் காலமான தாகூரின் எழுத்து 1991 முடிவில் விஸ்வபாரதியின் கையைவிட்டுப் போக இருந்தது. கடைசி நேரத்தில் அவசரச் சட்டம் போட்டு எல்லோருக்கும் 60 ஆக்கினார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் வரும்படிக்காக, நாடு முழுவதும் ஒவ்வொரு எழுத்தாளனுக்கும் பத்து வருஷப் பூட்டு. இரண்டு தேசங்கள் தேசிய கீதமாகப் பாடுவது அவர் பாட்டைத்தான்.

தென்னாசியாவில் இன்று பாகிஸ்தானிலும் நேபாளத்திலும் 50, இந்தியாவிலும் வங்கதேசத்திலும் 60, இலங்கையில் 70. ஒரே தமிழ்ப் புத்தகத்துக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கணக்கு, சென்னையில் ஒரு கணக்கு. சார்க் அமைப்புக்கு என்றைக்காவது உயிர் வந்து, அண்டை நாட்டுச் சட்டங்களை ஒன்றாக்குவோம் என்று ஐந்து நட்சத்திர ஓட்டலில் உட்கார்ந்தால், கராச்சியின் 50 வெல்லுமா, கொழும்பின் 70 வெல்லுமா என்று பந்தயம் கட்ட ஆள் கிடைக்காது.

நம்மிடம் வேறொரு வழக்கமும் இருந்தது என்பதை அந்த ஓட்டலில் யாரும் சொல்லப் போவதில்லை. பாரதி பாடல்களின் ஒலிபரப்பு, இசைத்தட்டு உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. ஊரே பாடுகிற பாட்டுக்கு ஒரு முதலாளியா என்று மேடைகளிலும் பத்திரிகைகளிலும் சத்தம் கிளம்பியது. 1949இல் ஓமந்தூரார் அமைச்சரவை பாரதி எழுத்தை நாட்டுடைமையாக்கியது. குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்தது. செட்டியார் காசு கேட்காமல் விட்டுக்கொடுத்தார். சட்டப்படி இன்னும் இருபது ஆண்டுக்குமேல் மிச்சமிருந்தது. அப்படிப்பட்டவர்களை எந்த ஒத்திசைவுக் குழுவிலும் சேர்க்க மாட்டார்கள். சேர்த்தால் கூட்டம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அப்புறம் மறுநாள் பேட்டாவுக்கு எந்தக் கணக்கில் பில் போடுவது?